வேலையின் கடிவாளம் யார் கையில்?

வெள்ளவத்தைப் புடைவைக் கடையிலிருந்து கொட்டாஞ்சேனை ஓட்டோ வரை, தலைநகரத்துத் தொழிலாளரின் நெஞ்சை அழுத்தும் பாரத்தின் மூலகாரணம் குறித்து ஒரு சிறப்புக் கட்டுரை

தீபாவளிக்கு இரண்டு கிழமைகளே எஞ்சியிருக்கும் ஒரு சனிக்கிழமை மாலையில், வெள்ளவத்தைக் காலி வீதியின் நடைபாதை நெடுகிலும் சனங்கள் நெருக்கியடித்து நகர்ந்துகொண்டிருக்க, பஸ்களின் இரைச்சலும் கடற்கரைப் பக்கத்து ரயிலின் கூவலும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டிருக்க, புடைவைக் கடையொன்றின் உள்ளே, சாறிகள் அடுக்கிய அலுமாரிகளுக்கும் நீண்ட மேசைக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய இடைவெளியில், காலையில் கடை திறந்தபோது வந்து நின்ற பெண்கள் இன்னமும் நின்றுகொண்டே இருக்கிறார்கள். வாங்க வந்தவர்கள் அமர்வதற்கு மெத்தை வைத்த ஆசனங்கள் உண்டு, விற்பவர்களுக்கு இல்லை. ஒருத்தி பத்துச் சாறிகளை விரித்துக் காட்டிப் பத்தையும் திரும்ப மடித்து வைக்கிறாள். முகத்திலே புன்னகை குறையக் கூடாது என்பது கட்டளை. கூரை மூலையிலே கமரா. மலசலகூடத்துக்குப் போவதானாலும் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டே போக வேண்டும். கடை எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பது கடைசி வாடிக்கையாளர் எப்போது எழுந்து போகிறார் என்பதைப் பொறுத்தது. ஆகவே இன்றிரவு எத்தனை மணி பஸ்ஸைப் பிடிப்பேன் என்று வீட்டாருக்குச் சொல்ல அவளால் இயலாது.

அதே மாலையில் கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதி ஓரமாக, ஓட்டோவின் முன்புறத்தில் பொருத்திய கைத்தொலைபேசியையே நோக்கியபடி ஒரு சாரதி காத்திருக்கிறார். அவருக்கு முதலாளி என்று எவருமில்லை, கமராவும் இல்லை. ஆனால் தொலைபேசி ஒலித்தவுடன் அந்த ஓட்டத்தை ஏற்பதா விடுவதா என்று முடிவு செய்வதற்குச் சில விநாடிகளே உண்டு. கட்டணத்தைச் செயலி நிர்ணயிக்கிறது. தரகையும் அதுவே கழித்துக்கொள்கிறது. இறங்கிப் போன பயணி இட்ட மதிப்பெண் குறைந்து அடுத்த ஓட்டம் வராமற் போனால், ஏன் என்று கேட்பதற்கு எதிரே ஒரு மனித முகம் கிடையாது. கொழும்பின் கண்ணாடிக் கட்டடமொன்றின் உயர்ந்த மாடியில், தலையில் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு, கடல் கடந்த நாடொன்றின் வாடிக்கையாளருக்கு மறுமொழி கூறிக்கொண்டிருக்கும் இளைஞனின் நிலையும் இதுவே: ஒவ்வோர் உரையாடலும் எத்தனை நிமிஷத்தில் முடிய வேண்டும், எந்த வாக்கியத்தோடு தொடங்கி எந்த வாக்கியத்தோடு முடிய வேண்டும் என்பதெல்லாம் அவன் வருவதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டுள்ளன.

இந்த மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் மூவரும் என்றேனும் ஒரு நாள் டிஸ்பென்சரிக்குப் போய், தலையிடி என்றும் நித்திரை இல்லை என்றும் நெஞ்சு படபடக்கிறதென்றும் முறையிட்டால், மூவருக்கும் கிடைப்பது ஏறக்குறைய ஒரே மருந்துச் சீட்டுத்தான்: பிறசர் குளிசை, கொஞ்சம் ஓய்வு, அதிகம் யோசிக்க வேண்டாம் என்ற புத்திமதி. குளிசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இரத்த அழுத்தம் ஏறியவருக்கு அது அவசியம். ஆயினும் அந்த நோயின் ஊற்று அவர்களுடைய மனத்தின் பலவீனத்தில் இல்லை என்பதையும், வேலையின் கனத்தில் மாத்திரமும் இல்லை என்பதையும், தாம் செய்யும் வேலையின் வேகத்தையும் முறையையும் நேரத்தையும் பற்றித் தமக்கு ஒரு சொல் சொல்லும் உரிமை இல்லாமையிலேயே அது பெரிதும் இருக்கிறது என்பதையும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதவியும் மாரடைப்பும்

மாரடைப்பு பெரிய மனிதர்களின் நோய், பொறுப்புகளைத் தலையிலே சுமந்து திரிபவரே அதிலே வீழ்வர் என்று ஒரு நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. லண்டன் மாநகரத்து அரசாங்கக் காரியாலயங்களில் பணியாற்றிய ஏறத்தாழ 18,000 ஆண் உத்தியோகஸ்தர்களை வைத்து 1967 இல் ஆரம்பிக்கப்பட்ட வைட்ஹோல் ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தெறிந்தது. கீழ்ப்படியில் இருந்த கடிதம் சுமப்போரும் வாயிற்காவலரும் இருதய நோயால் இறந்த விகிதம், உச்சிப்படியில் இருந்த நிர்வாகிகளின் விகிதத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைப்பழக்கமும் கொழுப்பும் இரத்த அழுத்தமும் அந்த வித்தியாசத்தின் ஒரு பகுதியையே விளக்கின. எஞ்சியதை விளக்குவதற்காக மைக்கல் மார்மொட் என்னும் வைத்திய அறிஞரின் தலைமையில் 1985 இல் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. 35 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட 10,308 ஆண் பெண் ஊழியர்கள் அதிலே சேர்க்கப்பட்டனர். 1997 இல் வெளியான அதன் முடிவுகள், தன் வேலையின்மீது தனக்கு ஆதிக்கம் குறைந்தவனுக்கு இருதய நோய் வரும் அபாயம் அதிகம் என்றும், மேற்படிக்கும் கீழ்ப்படிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் கணிசமான பங்கு இதனாலேயே விளைகிறதென்றும் காட்டின.

இதற்கு முன்னரே, 1979 இல், ரொபர்ட் கரசெக் என்னும் அமெரிக்க அறிஞர், அமெரிக்காவிலும் சுவீடனிலும் திரட்டிய தரவுகளைக் கொண்டு இவ்விஷயத்தை ஒரு சூத்திரம்போல் வகுத்துக் கூறியிருந்தார். வேலை கடினமாயிருப்பது மட்டுமே மனிதனை முறிப்பதில்லை. கடினமான வேலையும் அதன்மீது தீர்மானிக்கும் அதிகாரமின்மையும் ஒன்றுசேரும்போதே மனமும் தேகமும் முறிகின்றன என்பதும், அதே கடினமான வேலையைத் தன் அறிவுக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப ஒழுங்குசெய்யும் வாய்ப்புப் பெற்றவன் அதிலே தேர்ச்சியும் உற்சாகமும் அடைகிறான் என்பதும் அவர் கண்ட முடிவு.

இதைப் புரிந்துகொள்ள லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. நாம் முதலிலே கண்ட புடைவைக் கடையில் முதலாளியும் இரவு பத்து மணி வரை நிற்கிறார், விற்பனைப் பெண்ணும் நிற்கிறாள். அவருக்கும் கவலைகள் உண்டு. வங்கிக் கடன் உண்டு, வாடகை உண்டு, விற்காத சரக்கு உண்டு. ஆனால் கால் கடுத்தால் அவர் அமரலாம், தேநீர் வரவழைக்கலாம், பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் மகனையோ தம்பியையோ காசுப்பெட்டியில் இருத்திவிட்டு வீட்டுக்குப் புறப்படலாம். அவளுக்கோ ஒவ்வொன்றும் அனுமதி. ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்துக்குள், இருவருடைய தேகமும் இரண்டு வெவ்வேறு விதமாக மூப்படைகிறது.

■ பெட்டிச் செய்தி: உலகத்தின் கணக்கு

உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் 2021 மே மாதத்தில் கூட்டாக வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நீண்ட வேலைநேரத்தின் விளைவாக 2016 ஆம் ஆண்டில் 7,45,000 பேர் பக்கவாதத்தாலும் இருதய நோயாலும் மாண்டனர். வாரத்திற்கு 55 மணிநேரத்துக்கோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணிநேரம் உழைப்பவரைக் காட்டிலும் பக்கவாத அபாயம் 35 வீதமும், இருதய நோயால் இறக்கும் அபாயம் 17 வீதமும் அதிகம்.

மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுதோறும் இழக்கும் வேலைநாட்கள் 1,200 கோடி. பண நட்டம் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி அமெரிக்க டொலர். இது 2022 இல் அவ்விரு ஸ்தாபனங்களும் கூறிய கணக்கு.

மில் இருந்த மண்

வேலையின்மீது அதிகாரம் யாருக்கு என்ற வழக்கு வெள்ளவத்தைக்குப் புதிதன்று. ஹவ்லொக் வீதியிலே இன்று ஹவ்லொக் சிட்டி என்னும் பெயரோடு வீடுகளும் காரியாலயங்களுமாக வானளாவி நிற்கும் கோபுரங்கள் எழுந்திருக்கும் நிலம், முன்னொரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைக்கு உரியதாயிருந்தது. இலங்கையின் மிகப் பெரிய துணியாலை அது. உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே கூலிக் குறைப்பு வந்தபோது, 1933 பெப்ரவரியில், அந்த ஆலையின் ஏறத்தாழ 1,400 தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவர்களிற் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். மலையாளிகளும் தமிழரும் சிங்களவரும் ஒரே வாயிலில் நின்றனர். அன்று இளைஞர் கழகங்களிலிருந்து வந்த கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுடைய சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். 1923 பொது வேலைநிறுத்தத்தையும் 1929 டிராம் வேலைநிறுத்தத்தையும் நடத்திப் புகழ் பெற்றிருந்த ஏ. ஈ. குணசிங்க இம்முறை வேலைநிறுத்தக்காரருக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றார். அந்தப் பிளவிலிருந்து புறப்பட்ட பாதை 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியின் தோற்றத்தில் முடிந்தது.

அப்போராட்டம் கூலியைப் பற்றியது என்பது உண்மை. ஆயினும், எவரையும் கேளாமல் ஒரு நாட்காலையில் ஒரு நிர்வாகம் எடுத்த முடிவு 1,400 குடும்பங்களின் அடுப்பைத் தொடுமானால், அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியும் அதனுள்ளே அடங்கியிருக்கிறது. கொழும்பின் தொழிலாளர் இக்கேள்வியை 1893 இல் கேவ் கம்பெனி அச்சகத்துத் தொழிலாளர் வேலையை நிறுத்திய காலந்தொட்டுக் கேட்டு வந்திருக்கிறார்கள். தறியின் இரைச்சல் ஓய்ந்துவிட்டது. அந்த மண்ணிலும் அதைச் சூழ்ந்த வீதிகளிலும் இன்று கேட்பது விசைப்பலகையின் ஓசை; கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

வீடு வந்து சேரும் பாரம்

வேலைத்தலத்தின் அழுத்தம் வேலைத்தலத்தோடு நின்றுவிடுமானால் இத்தனை விரிவாக எழுத வேண்டியதில்லை. அது பஸ்ஸிலே கூடவே ஏறி வருகிறது. கட்டளைகளுக்கு மறுமொழி கூறாமல் பன்னிரண்டு மணிநேரம் பற்களைக் கடித்துக்கொண்டு நின்ற ஒருவன், வீட்டுக்குள் கால் வைத்ததும், தனக்கு அதிகாரம் செல்லுபடியாகும் ஒரே இடம் இதுதான் என்று கண்டு, மனைவியின்மீதும் பிள்ளைகள்மீதும் அந்த அதிகாரத்தைச் செலுத்துவதை நாம் கொட்டாஞ்சேனையின் தோட்டங்களிலும் காண்கிறோம், வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலும் காண்கிறோம். குடிப்பழக்கத்தின் கதை பலவிடத்தில் இங்கேதான் தொடங்குகிறது.

பெண்ணின் நிலை இன்னும் கடினம். வேலை முடியும் நேரம் முன்கூட்டித் தெரியாதபோது, பிள்ளையை ரியூஷன் வகுப்பிலிருந்து அழைத்துவருவது யார், இராச் சாப்பாட்டுக்கு என்ன வழி, மாமியாரின் மருந்தை எடுத்துக் கொடுப்பது யார் என்ற நூறு சிறு ஏற்பாடுகளும் நாள்தோறும் குலைகின்றன. எட்டு மணிக்கு விட்டாலும் பத்து மணிக்கு விட்டாலும் அவளால் ஒருவாறு சமாளிக்க இயலும். எப்போது விடுவார்கள் என்று தெரியாமையே அவளை அரிக்கிறது. விஞ்ஞானிகள் சொல்லும் உண்மையும் இதுவே: நிச்சயமின்மை தொடரும்போது தேகம் ஓயாத எச்சரிக்கை நிலையிலேயே இருக்கிறது, நாளமில்லாச் சுரப்பிகள் இரத்தத்தில் கலக்கும் கோர்ட்டிசோல் உரிய நேரத்தில் தணியாமற் போகிறது, நித்திரை குலைகிறது, நித்திரை குலைந்த தேகத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன.

காரியாலய உத்தியோகஸ்தரின் வீட்டுக்குள் இந்தப் பாரம் வேறொரு வாயிலால் நுழைகிறது. வேலைத்தலத்து வாட்ஸ்அப் குழுவிலே இரவு பத்தரை மணிக்கு மேனேஜர் ஒரு கேள்வியைப் போடுகிறார். உடனே பதில் எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் இன்னார் பார்த்துவிட்டார் என்று நீலக் கோடுகள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. வேலைநேரத்துக்கு அப்பால் தொடர்புக்கு உட்படாதிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017 முதலும் அவுஸ்திரேலியா 2024 முதலும் சட்டத்தில் எழுதியுள்ளன. நம்முடைய நாட்டில் அது இன்னும் ஒரு நல்ல மேனேஜரின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமாகவே இருக்கிறது.

2022 இன் பொருளாதார நெருக்கடி இவையனைத்தின்மீதும் மற்றொரு சுமையை ஏற்றிவிட்டுப் போனது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டிப்பிடித்தபோது சம்பளத்தின் பெறுமதி வெகுவாகத் தேய்ந்தது. அதற்கு முன்பு விரும்பினால் செய்யக்கூடியதாயிருந்த ஓ.டி. வேலை அதன் பின்பு செய்யாமல் இருக்க முடியாததாயிற்று. வைத்தியரும் பொறியியலாளரும் கணினி வல்லுநரும் கூட்டங்கூட்டமாய் நாட்டைவிட்டுப் புறப்பட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற மேசைகளின் வேலை எஞ்சியிருந்தோரின் மேசைகளுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பேரின் வேலையைச் செய்யும் ஒருவருக்கு, எதை முதலில் செய்வது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்று தீர்மானிக்கும் உரிமையாவது இருந்தால் அவர் தாக்குப்பிடிப்பார். அதுவும் இல்லாதபோது அவரும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கிறார்.

நட்டம் தொழிலாளருக்கு மட்டுமா? துணியின் தரத்தைக் கைவிரலாலேயே அறிந்த, நிரந்தர வாடிக்கையாளரின் ரசனையைப் பெயரோடு நினைவில் வைத்த ஒரு விற்பனைப் பெண் மனம் வெறுத்து விலகிப்போனால், அவளுடைய இடத்துக்கு நாளையே ஒருத்தி வரலாம்; அவளுடைய தேர்ச்சி வர மூன்று தீபாவளிகள் செல்லும். இந்தக் கணக்கை எழுதிப் பார்க்கும் முதலாளிகள் மிகச் சிலரே.

■ பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

கடைகளுக்கும் காரியாலயங்களுக்கும் உரியது 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம். உணவு, ஓய்வு இடைவேளைகள் நீங்கலாக நாளொன்றுக்கு 8 மணிநேரம், வாரமொன்றுக்கு 45 மணிநேரம். மேலதிக வேலை வாரத்திற்கு 12 மணிநேரத்தைத் தாண்டலாகாது. அதற்குச் சம்பளம் ஒன்றரை மடங்கு. வாரத்திற்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறை. ஆண்டொன்றுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் சமயோசித விடுமுறையும். வேலையின் நிபந்தனைகளை எழுத்து மூலம் கொடுப்பது முதலாளியின் கடமை.

அகமதாபாத்தின் தறிகள்

பரிகாரம் உண்டா என்று கேட்போருக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்ட விரும்புவது, மேற்குலகத்துத் தொழிற்சாலை எதையுமன்று, நமது அயலிலே, நமது மக்களைப் போன்ற மக்கள் வேலை செய்த ஒரு துணியாலையை. அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தாருக்கு உரிய கலிக்கோ ஆலையில் தானியங்கித் தறிகள் புதிதாக நிறுவப்பட்டிருந்தன. யந்திரங்கள் நல்லவை, தொழிலாளரும் தேர்ச்சி பெற்றவர்கள், ஆயினும் உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, துணியிலே பழுதும் மிகுதியாயிருந்தது. லண்டன் டவிஸ்டொக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர் 1953 இல் அங்கே வந்து பார்த்தபோது, 224 தறிகள் கொண்ட ஒரு கூடத்தில் 29 தொழிலாளர், 12 வகையான வேலைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒருவர் செய்வதற்கும் மற்றவர் செய்வதற்கும் தொடர்பின்றி, தறிகளுக்கிடையே அங்குமிங்கும் அலைந்துகொண்டிருப்பதைக் கண்டார். ஒருவர் நெய்வார், ஒருவர் அறுந்த நூலை முடிவார், ஒருவர் எண்ணெய் இடுவார், ஒருவர் பெருக்குவார். ஒரு தறி நின்றுபோனால் அது யாருடைய பொறுப்பு என்பது எவருக்கும் தெளிவில்லை.

ஒரு தறித்தொகுதியை ஒரு குழுவிடம் முழுமையாக ஒப்படைத்துவிட்டால் என்ன என்ற யோசனையை ரைஸ் மெல்ல முன்வைத்தார். அதற்குப் பின் நடந்ததே அந்தச் சரித்திரத்தின் மிக அழகிய பகுதி. விரிவான திட்டமொன்றை நிபுணர்கள் வகுத்துக் கொடுக்கும் வரை தொழிலாளர் காத்திருக்கவில்லை. யோசனையைக் கேட்ட மாத்திரத்திலே தாங்களே கூடிப் பேசி, யார் யாரோடு சேர்வது என்பதைத் தாங்களே தீர்மானித்து, உடனடியாகவே பரீட்சிக்க முன்வந்தார்கள். எந்த நேரத்தில் யார் எதைச் செய்வது என்பது குழுவின் உள்விஷயமாயிற்று. தொடக்கத்துத் தடுமாற்றங்கள் தீர்ந்த பின், உற்பத்தி உயர்ந்தது. பழுதான துணி குறைந்தது. யந்திரம் ஒன்றும் மாற்றப்படவில்லை. மாறியது, அதன் பக்கத்தில் நின்ற மனிதனின் அதிகாரம். 1970 இல் மீண்டும் அங்கே சென்று பார்த்த, அதே டவிஸ்டொக் நிலையத்தைச் சேர்ந்த எரிக் மில்லர், சில கூடங்களில் பழைய முறை திரும்பிவிட்டதென்றாலும் ஒன்றிலே குழுமுறை அப்படியே நிலைத்திருந்ததைக் கண்டார்.

அறியாத் தொழிலாளிக்கு அதிகாரம் கொடுத்தால் வேலை கெட்டுவிடும் என்று இன்றும் சொல்லும் நிர்வாகிகள் அந்தத் தறிக்கூடத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும். ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்திலே, பொருத்தும் வரிசையில் பிழையைக் காணும் எந்தச் சாதாரணத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து உதவி கோரலாம். குறை தீராவிடில் வரிசையே நிற்கும். அந்த நம்பிக்கையின்மீதே அதன் தரமும் எழுந்தது.

பேச அஞ்சும் பழக்கம்

நமது கொழும்பில் இதற்கு ஒரு விசேஷத் தடை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழரில் ஒரு தலைமுறை, தலையைக் குனிந்து வேலையைப் பார்த்துக்கொண்டு, எவர் கண்ணிலும் படாமல் இருப்பதே உயிர்காக்கும் உபாயம் என்று கற்றுக்கொண்ட தலைமுறை. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக மூண்ட வன்செயலைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் இவ்வூர்களின் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கிற்கும் கிழக்கிற்கும் அனுப்பப்பட்டதையும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததையும் மறந்தவர் யார்? அப்படிப்பட்ட அனுபவங்களுக்கு உள்ளான தாய் தந்தையர் தம் பிள்ளையை வேலைக்கு அனுப்பும்போது சொல்லி அனுப்புவது, வாயைத் திறக்காதே என்பதைத்தான். சுற்றறிக்கை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே ஒட்டப்பட்டிருக்கும் வேலைத்தலத்திலே, தன் மொழியில் முறையிட ஓர் அதிகாரி இல்லாதபோது, அந்த மௌனம் இன்னும் இறுகுகிறது. மேன்பவர் கம்பெனிகளின் ஊடாக வேலைக்கு வருவோருக்கோ, தம்முடைய முதலாளி யார் என்பதே தெளிவில்லை, எவரிடம் முறையிடுவது?

சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. 1970 இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் அரசாங்கக் கூட்டுத்தாபனங்களில் தொழிலாளர் சபைகளை அமைக்க முயன்றது. அதன் பின் 1979 இல் ஊழியர் சபைகள் சட்டம், 32 ஆம் இலக்கத்தின் கீழ், நிறைவேறியது. 1978 இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இத்தகைய சபைகள் உண்டு. தொழிற்சங்கத்தின் இடத்தை அடைப்பதற்கே அவை பயன்படுகின்றன என்பது சங்கங்களின் நெடுநாளைய முறைப்பாடு. அம்முறைப்பாட்டில் நியாயம் உண்டு என்பதே என் அபிப்பிராயமும். ஆலோசனை கேட்பதோடு நின்று, கேட்ட ஆலோசனையை ஏற்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாத சபை, தொழிலாளியின் மனப்பாரத்தைக் குறைப்பதில்லை. வீணாய்ப் பேசினோமே என்ற கசப்பையும் சேர்த்துவிடுகிறது.

தியானம் தீர்த்துவிடுமா?

அண்மைக் காலத்தில் பெரிய நிறுவனங்களில், ஊழியரின் மனநலத்திற்கென்று யோகாசன வகுப்பும் தியானப் பயிற்சியும் உளவள ஆலோசனையும் ஏற்பாடு செய்யப்படுகின்றன. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் உலக சுகாதார ஸ்தாபனம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், தனிமனிதனைத் திருத்துவதோடு நில்லாமல் வேலையின் அமைப்பையே திருத்தும்படியும், வேலைநேரத்தில் நெகிழ்ச்சி காட்டும்படியும், தம் வேலையைப் பற்றிய தீர்மானங்களில் ஊழியரைப் பங்கேற்கச் செய்யும்படியும் கூறுகின்றன. அளவு மீறிய இலக்கை அப்படியே வைத்துவிட்டு, அதை எட்ட முடியாதவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பது, ஒழுகும் கூரையின் கீழ் நனைபவனுக்குத் துவாய் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளிலே வேலை செய்த பெண்கள் கேட்டது தியானத்தை அன்று, ஒரு நாற்காலியை. பி. விஜி என்னும் தையற்றொழிலாளி அவர்களை ஒன்றுசேர்த்து நடத்திய இருக்கை உரிமைப் போராட்டத்தின் பயனாகக் கேரளம் 2018 இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 இல் அவ்வழியைப் பின்பற்றியது. நாற்காலி மரத்தாலான பொருள்தான். ஆனால் வேலையினிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவள் அமரலாம் என்று சட்டம் சொன்னபோது, தன் தேகத்தின்மீது அவளுக்குள்ள உரிமையை அது ஏற்றுக்கொண்டது. செயலிகளின் கீழ் வேலை செய்வோருக்கென ராஜஸ்தான் 2023 இல் இந்தியாவின் முதற் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜம்பட்டா வீதியின் சாரதிக்கும் அதுபோன்றதொரு பாதுகாப்பு வேண்டும்: கட்டணமும் தரகும் எப்படிக் கணிக்கப்படுகின்றன என்பதை அறியும் உரிமையும், கணக்கு முடக்கப்பட்டால் ஒரு மனிதரிடம் முறையிடும் உரிமையும்.

■ பெட்டிச் செய்தி: உதவி வேண்டுவோருக்கு

தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. சம்பளம், வேலைநேரம், விடுமுறை பற்றிய முறைப்பாடுகளை நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் கொடுக்கலாம்.

இங்கே, இப்போது

பெரிய சீர்திருத்தங்கள் பாராளுமன்றத்தில் நடக்கட்டும். தொழிற்சட்டங்கள் அனைத்தையும் ஒன்றாக்கும் புதிய வேலைவாய்ப்புச் சட்டத்தின் முன்வரைவு 2023 இல் வெளிவந்தபோது, வேலைநாளை நீட்டுவதற்கு அது வழிவகுக்கும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்த விவாதம் மீண்டும் எழும். எழும்போது நெகிழ்ச்சி என்ற சொல் யாருடைய நெகிழ்ச்சியைக் குறிக்கிறதென்று ஒவ்வொரு வாசகரும் கேட்க வேண்டும். மணித்தியாலங்களை முதலாளி தன் விருப்பப்படி நீட்டிச் சுருக்குவது ஒன்று. தாய் ஒருத்தி தன் பிள்ளையின் பாடசாலை நேரத்துக்கேற்ப வேலைநேரத்தைத் தெரிவுசெய்வது வேறொன்று.

ஆனால் எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல் நாளையே செய்யக்கூடியவை சில உண்டு. காலி வீதியின் கடை முதலாளிமாருக்கும் புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் வியாபாரம் செய்யும் பெரியோருக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த மாதத்து வேலை அட்டவணையை எழுதும் பொறுப்பை உங்களிடம் வேலை செய்வோரிடமே கொடுத்துப் பாருங்கள். எத்தனை பேர் எந்நேரம் வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், யார் எப்போது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். மேசைக்குப் பின்னால் நாற்காலிகளைப் போடுங்கள். கடை பூட்டும் நேரத்தைக் கதவிலே எழுதி ஒட்டி, அந்த நேரத்துக்குப் பூட்டுங்கள். இவற்றால் வியாபாரம் குறையாது. மனம் சோராத ஊழியர் நல்லமுறையில் விற்பார்கள்.

வேலை செய்வோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வேலையின் நிபந்தனைகளை எழுத்திலே கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை, எவருடைய தயவும் அன்று. தனியே பேச அச்சமாயிருந்தால் சேர்ந்து பேசுங்கள். ஒரு வேலைத்தலத்தின் ஊழியரில் 40 வீதத்தினரை அங்கத்தவராகக் கொண்ட தொழிற்சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்த மறுப்பது, 1999 இல் திருத்தப்பட்ட கைத்தொழிற் பிணக்குச் சட்டத்தின்படி குற்றம். ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் கேட்பது ஏழு பேரை.